அந்த 27 டர்ன்ஓவர்: கூடைப்பந்து கேள்வி – பதில்

சீனியர்கள் படிப்பு முடிந்து போய்விட்டார்கள், மிச்சமிருப்பது முதலாண்டும் இரண்டாமாண்டும்தான். இப்படிப்பட்ட கல்லூரி அணிகளிடமிருந்து இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. எல்லாமே தொடர்ந்து தோற்பதைப் பற்றியவை. விதி என்று எங்கெல்லாம் சொல்கிறோமோ அங்கெல்லாம் ஃபிபா, அதாவது சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனத்தின் விதியையே சொல்கிறோம். டர்ன்ஓவர் என்றால் ஷாட் எடுக்காமலேயே பந்தை எதிரணியிடம் இழப்பது. ஆஃபென்ஸிவ் ரீபவுண்ட் என்றால் தவறிய ஷாட்டை, எடுத்த அணியே மீண்டும் பிடிப்பது.

எங்கள் அணியில் 12 பேரில் 9 பேர் புதியவர்கள். இந்த சீசனில் 7 ஆட்டம் ஆடி ஏழிலும் தோற்றுவிட்டோம். கடைசி ஆட்டம் 71–48. பார்க்கிறவர்கள் எல்லாரும் 'உங்க டீம்ல ஹைட் இல்ல' என்கிறார்கள். அந்த ஆட்டத்தின் கணக்கு இது: 52 ஷாட்டில் 20 விழுந்தது, அதில் 2 மூன்று பாயிண்ட். ஃப்ரீ த்ரோ 14-க்கு 6. டர்ன்ஓவர் 27. ஆஃபென்ஸிவ் ரீபவுண்ட் எங்களுக்கு 6, அவர்களுக்கு 17. எங்கேதான் தோற்கிறோம்?
— அணித் தலைவர், கோவை

கணக்கு எடுத்து வைத்திருக்கிறீர்களே, அதுவே பாதி வேலை. முதலில் உங்கள் கைக்குப் பந்து எத்தனை முறை வந்தது என்று பாருங்கள். எடுத்த ஷாட்டிலிருந்து ஆஃபென்ஸிவ் ரீபவுண்டைக் கழித்து, டர்ன்ஓவரைக் கூட்டி, ஃப்ரீ த்ரோவை 0.44-ஆல் பெருக்கி அதையும் சேர்க்க வேண்டும். 52 − 6 + 27 + 6 = 79. இந்த 79 வாய்ப்பில் 27 ஷாட் அடிக்காமலேயே போயிருக்கிறது. மூன்றில் ஒன்றுக்கும் மேல்.

மீதி 52 வாய்ப்பில் 48 பாயிண்ட் எடுத்திருக்கிறீர்கள். அதாவது பந்தைத் தொலைக்காதபோது வாய்ப்புக்கு 0.92 பாயிண்ட். புதிய அணிக்கு இது மோசமே இல்லை. இப்போது டர்ன்ஓவரை 27-லிருந்து 16-க்குக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். மிஞ்சும் 11 வாய்ப்பில் சுமார் 10 பாயிண்ட் வரும். அந்த 11-ல் பாதி, எதிரணி பந்தைப் பறித்து நேரே ஓடி லே-அப் (பாஸ்கெட்டுக்கு மிக அருகே போய்ப் போடும் ஷாட்) போட்டவையாகத்தான் இருக்கும். அதில் 5 லே-அப் நின்றால் அவர்களுக்கு 10 பாயிண்ட் குறையும். அவர்களுடைய ஆஃபென்ஸிவ் ரீபவுண்டை 17-லிருந்து 10-க்கு இறக்கினால் ஏழு இரண்டாம் வாய்ப்பு போகும், இன்னும் 6, 7 பாயிண்ட். 23 பாயிண்ட் வித்தியாசம் கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது. ஒருவரும் ஓர் அங்குலம்கூட வளரவில்லை.

இது உத்தேசக் கணக்குதான். ஆனால் பயிற்சி நேரத்தை எதில் செலவிடுவது என்பதை இது தெளிவாகக் காட்டும். அடுத்த ஆட்டத்திலிருந்து டர்ன்ஓவரை வெறும் எண்ணாக எழுதாதீர்கள். பெஞ்சில் இருவரை உட்காரவையுங்கள். ஒருவர் கோர்ட் படம் வரைந்த தாளில் பந்து தொலைந்த இடத்தில் புள்ளி வைக்கட்டும். இன்னொருவர் அது எப்படிப் போனது என்று எழுதட்டும்: பாஸ் பறிபோனதா, டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போவது) தட்டுப்பட்டதா, டிராவலிங்கா (பந்தைத் தட்டாமல் கூடுதல் எட்டு வைப்பது), 3, 5, 8, 24 விநாடி நேர வரம்பு மீறலா, ஆஃபென்ஸிவ் ஃபவுலா. பறிபோன பந்துக்குச் சிவப்பு, விசில் அடித்துப் போன பந்துக்கு நீலம். இந்த வேறுபாடு முக்கியம். டிராவலிங் ஆனால் ஒரு வாய்ப்புதான் போகும், உங்கள் ஐந்து பேரும் டிஃபென்ஸுக்குத் திரும்பிவிட நேரம் இருக்கிறது. நடுக்கோட்டருகே பாஸ் பறிபோனால் வாய்ப்பும் போய், இரண்டு பாயிண்டும் போகும். மூன்று ஆட்டத் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலான புதிய அணிகளின் சிவப்புப் புள்ளிகள் இரண்டே இடத்தில் குவிந்திருக்கும்: சொந்தப் பாதியின் மூலைகள், நடுக்கோட்டைத் தாண்டியதும் சைடுலைன் ஓரம். அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

எதிரணி ஃபுல் கோர்ட் பிரஸ் போட்டு, கோர்ட் முழுக்க நெருக்கித் தடுத்தால் எங்களால் பந்தை நடுக்கோட்டைத் தாண்டவைக்கவே முடிவதில்லை. 8 விநாடி முடிந்துவிடுகிறது, இல்லையென்றால் இருவர் வந்து மடக்கிவிடுகிறார்கள். பந்தைக் கொண்டுபோகும் பாயிண்ட் கார்டு முதலாண்டு மாணவி. அவரை மாற்ற வேண்டுமா?
— அணித் தலைவி, திருநெல்வேலி

மாற்ற வேண்டாம். பிரஸ்ஸை ஒருவர் டிரிபிள் செய்து உடைப்பது அரிது. ஐந்து பேரும் சரியான இடத்தில் நின்று பாஸ் செய்துதான் உடைக்க வேண்டும். உங்கள் பாயிண்ட் கார்டு தவறுவதாகத் தெரிவதற்குக் காரணம், பந்து கைக்கு வந்ததும் மற்ற நால்வரும் முன்னால் ஓடிவிடுவதுதான்.

த்ரோ-இன்னிலிருந்து, அதாவது கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே போடுவதிலிருந்து தொடங்குவோம். பாஸ்கெட் விழுந்ததும் உயரமான, பதறாத ஒருவர் உடனே பந்தை எடுக்க வேண்டும். யார் எடுப்பது என்பது ஆட்டத்துக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பந்தைத் தேடும் அந்த இரண்டு விநாடியில்தான் எதிரணி பிரஸ்ஸை அமைத்துக்கொள்கிறது. நேர் போர்டுக்குப் பின்னால் நிற்காமல் ஓரமாக வந்து நிற்கட்டும், இல்லையென்றால் நீளப் பாஸை போர்டே தடுக்கும். பாஸ்கெட் விழுந்த பிறகு எண்ட் லைன் முழுக்க ஓடலாம். அந்தக் கோட்டுக்குப் பின்னால் வரும் இன்னொரு ஆட்டக்காரருக்குப் பாஸும் கொடுக்கலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் விசில் அடித்துக் கிடைத்த த்ரோ-இன்னில் பக்கவாட்டில் மொத்தம் ஒரு மீட்டர்தான் நகரலாம். இரண்டிலும் 5 விநாடிக்குள் பந்து வெளியேற வேண்டும்.

உள்ளே இரண்டு கார்டுகள் சொந்தப் பாதி ஃப்ரீ த்ரோ கோட்டின் இரு முனையிலும் நிற்கட்டும். ஒருவர் நடுவட்டத்தில். கடைசி ஆள் எதிர் பாஸ்கெட் பக்கம். பாஸ் வாங்குபவர் நின்ற இடத்தில் வாங்கக் கூடாது, பந்தை நோக்கி இரண்டு எட்டு வந்து வாங்க வேண்டும். நின்று வாங்கிய பாஸ்தான் பறிபோகிறது. மூலைக்குப் போய் வாங்கவும் கூடாது. அங்கே எண்ட் லைனும் சைடுலைனும் எதிரணிக்கு இரண்டு கூடுதல் ஆட்கள் மாதிரி.

வாங்கியதும் டிரிபிள் போடாமல் பிவட் செய்து (ஒரு காலை ஊன்றிச் சுழன்று) முன்னால் திரும்பிப் பாருங்கள். பார்க்கும் வரிசை: முதலில் நடுவில் இருப்பவர், பிறகு சைடுலைன், கடைசியாகப் பின்னால். த்ரோ-இன் போட்டவர் உள்ளே வந்து பந்துக்குப் பின்னால், குறுக்கே நிற்க வேண்டும். முன்னால் வழி அடைத்தால் அவரிடம் திருப்பி, மறுபக்கம் கொண்டுபோகலாம். இப்படி ஒருமுறை பக்கம் மாறினாலே பெரும்பாலான பிரஸ் குலைந்துவிடும். நடுவில் இருப்பவருக்கு வேலை அதிகம். பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நகர்ந்து, இரு டிஃபெண்டர்களுக்கு இடையிலுள்ள சந்தில் கை காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இருவர் வந்து மடக்கினால் முதுகைக் காட்டித் திரும்பாதீர்கள். இன்னும் டிரிபிளில் இருந்தால் இரண்டு எட்டு பின்வாங்குங்கள், மடக்க வந்தவர்களுக்கு இடையில் இடம் விழும். பந்தைப் பிடித்துவிட்டீர்கள் என்றால் மேலே போடுவதுபோலக் காட்டிக் கீழே பவுன்ஸ் பாஸ். தலைக்கு மேல் வளைத்துப் போடும் பாஸ் வேண்டவே வேண்டாம். மூன்றாவது டிஃபெண்டர் காத்திருப்பதே அதற்காகத்தான்.

நடுக்கோட்டைத் தாண்டியதும் அதே இடத்தில் நின்றுவிடுவது இன்னொரு தவறு. சைடுலைன், நடுக்கோடு, திரும்பப் போனால் பேக் கோர்ட் வயலேஷன் என்று மூன்று பக்கமும் அடைபட்ட இடம் அது. தாண்டியவர் நிற்காமல் நேரே பாஸ்கெட்டைத் தாக்கட்டும். பெரும்பாலும் அங்கே உங்களில் மூவர், அவர்களில் இருவர்தான் இருப்பார்கள். இரண்டு சுலப லே-அப் விழுந்தால் எதிர்க் கோச்சே பிரஸ்ஸை எடுத்துவிடுவார். தாண்டினால் போதும் என்று ஆடும் அணிமீதுதான் 40 நிமிடமும் பிரஸ் தொடரும்.

விதியில் இரண்டு செய்தி. எதிரணி கைபட்டுப் பந்து வெளியே போய் உங்களுக்கே கிடைத்தால் 8 விநாடி புதிதாகத் தொடங்காது, விட்ட இடத்திலிருந்தே ஓடும். நான்காவது குவார்ட்டரின் கடைசி 2 நிமிடத்தில், உங்கள் பாதியில் உங்களுக்கு த்ரோ-இன் இருக்கும்போது டைம் அவுட் எடுத்தால், கோச் விரும்பினால் எதிர்ப் பாதியிலுள்ள த்ரோ-இன் கோட்டிலிருந்து தொடங்கலாம். பிரஸ்ஸையே தாண்டிவிடுகிறீர்கள். அதற்காக அந்த நேரத்துக்கு ஒரு டைம் அவுட்டைக் காப்பாற்றி வையுங்கள். முதல் பாதியின் இரண்டைக் காப்பாற்றிப் பயனில்லை, அவை இரண்டாம் பாதிக்கு வராது. அடுத்தடுத்து இரண்டு சிவப்பு டர்ன்ஓவர் விழுந்தாலே ஒன்றை எடுத்துவிடலாம்.

பயிற்சிக்கு 12 பேரும் வேண்டும். ஐந்து பேர் பந்தைக் கொண்டுபோக, ஏழு பேர் தடுக்கட்டும். முதல் வாரம் டிரிபிளே கிடையாது, பாஸ் மட்டும், 8 விநாடியை ஒருவர் சத்தமாக எண்ண வேண்டும். இரண்டாம் வாரம் ஆளுக்கு இரண்டு டிரிபிள் அனுமதி. தினம் 15 நிமிடம். ஏழு பேரிடம் பழகியவர்களுக்கு ஆட்டத்தில் ஐந்து பேர் வரும்போது கோர்ட் அகலமாகத் தெரியும்.

எங்கள் அணியில் ஆறடிக்கு மேல் ஒருவரும் இல்லை. ரீபவுண்டுக்கு என்ன வழி?
— இரண்டாமாண்டு மாணவர், தென்காசி

டிஃபென்ஸிவ் ரீபவுண்டில் உயரத்தைவிட இடம் பெரிது. ஷாட் கையை விட்டதும் எல்லாரும் அண்ணாந்து பந்தைப் பார்க்கிறார்கள், அங்கேதான் தவறு. முதலில் உங்கள் ஆளைப் பாருங்கள். அவர் மார்பில் முன்கையை வைத்து எந்தப் பக்கம் போகப் பார்க்கிறார் என்று உணருங்கள். அந்தப் பக்கக் காலை ஊன்றித் திரும்பி, முதுகையும் இடுப்பையும் அவர்மேல் பதித்து, முழங்காலை மடக்கி அகலமாக நில்லுங்கள். கை மேலே, முழங்கை விரிந்து, ஆனால் பின்னால் பிடிக்கக் கூடாது, ஃபவுல் ஆகும். ஒரு விநாடி, ஒன்றரை விநாடி அப்படி நின்றுவிட்டுப் பந்துக்குப் போங்கள். உங்கள் கைக்கு வராவிட்டாலும் அவர் கைக்குப் போகாமல் தரையில் விழுந்தால் போதும், உங்கள் கார்டு வந்து எடுப்பார்.

அந்தக் கார்டு அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் அடுத்தது. ஷாட் போனதும் கார்டுகள் ஃபாஸ்ட் பிரேக்குக்கு ஓடிவிடுகிறார்கள். குள்ளமான அணிக்கு அது கட்டுப்படியாகாது. தூரத்திலிருந்து எடுத்த ஷாட் தவறினால் பந்து தூரமாகத் தெறிக்கும். ஒரு மூலையிலிருந்து எடுத்தது பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துக்குப் போகும். எனவே கார்டு இருவரும் ஃப்ரீ த்ரோ கோடு வரை இறங்கி வரட்டும். ஐந்து பேரும் ரீபவுண்டர்கள்.

நடுவட்டத்தில் பந்தை வைத்து, சுற்றி மூன்று ஜோடி நிற்கட்டும். விசில் அடித்ததும் உள்ளே இருக்கும் மூவரும் தங்கள் ஆளை 5 விநாடி பந்தைத் தொடவிடாமல் முதுகால் தடுக்க வேண்டும். குதிக்கவே தேவையில்லாத பயிற்சி இது. மூன்று நாள் செய்தால் யார் கால் பலமில்லாமல் நிற்கிறார் என்று தெரிந்துவிடும்.

புதிய பையன்களை வைத்து ஜோன் ஆடுவதா, மேன் டு மேன் ஆடுவதா?
— உடற்கல்வி இயக்குநர், மதுரை

மேன் டு மேன், அதாவது ஆளுக்கு ஆள் தடுப்பது. ஆளுக்கொரு பகுதியைக் காக்கும் ஜோனில் 2–3 (முன்னால் இருவர், பின்னால் மூவர்) போட்டு நிறுத்தினால் இந்த வாரம் பத்து பாயிண்ட் குறைவாகத் தோற்கலாம் என்பது உண்மை. ஆனால் யார் யாரை விட்டார் என்பது ஜோனில் மறைந்துவிடும். முதலாண்டு மாணவர் தன் தவறைக் காணாமலேயே இரண்டு வருடம் ஆடிவிடுவார். ரீபவுண்டும் மோசமாகும், ஷாட் போகும்போது தடுக்க வேண்டிய ஆள் இவர்தான் என்று யாருக்கும் இருக்காது.

தினமும் ஷெல் டிரில் செய்யுங்கள். அரைக் கோர்ட்டில் நாலுக்கு நாலு. பந்து வைத்திருப்பவரை ஒருவர் அழுத்த, ஒரு பாஸ் தூரத்தில் இருப்பவரை மறிக்க, இரண்டு பாஸ் தூரத்தில் இருப்பவர் தன் ஆளையும் பந்தையும் ஒரே பார்வையில் வைத்துக்கொண்டு ஒரு காலை லேனுக்குள் (பாஸ்கெட்டுக்கு முன்னுள்ள கட்டத்துக்குள்) வைக்க வேண்டும். பந்து காற்றில் போகும்போதே நால்வரும் நகர வேண்டும், கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நகர்ந்தால் தாமதம். இளம் அணிகள் சறுக்குவது இந்த ஒரு நொடியில்தான். வாய் பேசாத டிஃபென்ஸும் பயனில்லை: 'பால்', 'ஹெல்ப்', 'கட்டர்' என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஜோனை ஒரு குவார்ட்டரில் நான்கைந்து பொஸஷனுக்கு, எதிரணியைக் குழப்ப மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தில் ஃப்ரீ த்ரோ 40 சதவீதம்தான். பயிற்சியில் 50-க்கு 35 போடுகிறோமே?
— முதலாண்டு மாணவி, நாகர்கோவில்

ஐம்பதை ஒரே மூச்சில் போடுவதால்தான். பத்தாவது ஷாட்டுக்குப் பிறகு கை தானாகப் பழகிவிடும். ஆட்டத்தில் மூச்சிரைக்க வந்து நின்று இரண்டே இரண்டு போடுகிறீர்கள். பயிற்சியிலும் அப்படியே செய்யுங்கள்: கோர்ட்டின் நீளத்தை இரண்டு முறை ஓடி வந்து இரண்டு ஷாட், மறுபடி ஓட்டம், மறுபடி இரண்டு. ஒரு நாளைக்கு 10 ஜோடி போதும். ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கையில் பந்தைத் தட்டி, ஒரே மாதிரி மூச்சுவிட்டுப் போடுங்கள், 5 விநாடி இருக்கிறது. ஷாட் குட்டையாக விழுந்தால் கையைக் குறை சொல்லாதீர்கள், முழங்கால் மடங்கவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது குவார்ட்டர் வரை சமமாக வருகிறோம். கடைசியில் 15 பாயிண்டில் தோற்கிறோம். இது நான்கு முறை நடந்துவிட்டது.
— அணி மேலாளர், சேலம்

முதல் ஐவர் எத்தனை நிமிடம் ஆடுகிறார்கள் என்று பாருங்கள். 40 நிமிட ஆட்டத்தில் 36, 37 நிமிடம் ஆடினால் நான்காவது குவார்ட்டரில் கால் நிற்காது. முதலில் தேய்வது டிஃபென்ஸ்: கால் நகராமல் கை மட்டும் நீளும், ஃபவுல் ஆகும். ஒரு குவார்ட்டரில் நான்கு டீம் ஃபவுலுக்குப் பிறகு டிஃபென்ஸில் செய்யும் ஒவ்வொன்றுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. நீங்கள் சொல்லும் 15 பாயிண்டில் எவ்வளவு ஃப்ரீ த்ரோவில் போயிற்று என்று ஸ்கோர் ஷீட்டில் எண்ணிப் பாருங்கள்.

முதல் பாதியில் எட்டு, ஒன்பது பேரை ஆடவையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவரையோ இருவரையோ மாற்றுங்கள். ஐவரையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள், களத்தில் எப்போதும் பந்தைக் கையாளத் தெரிந்தவர் ஒருவர் இருக்க வேண்டும். முதல் குவார்ட்டரிலேயே இரண்டு ஃபவுல் வாங்கியவரை உட்காரவைத்து இரண்டாம் குவார்ட்டரின் பிற்பகுதியில் இறக்குங்கள், ஐந்தாவது ஃபவுல் கடைசி நிமிடங்களில் வரக் கூடாது.

இன்னொரு காரணமும் இருக்கலாம். பல கல்லூரி மைதானங்களில், ஷாட் எடுக்க மிச்சமிருக்கும் நேரத்தைக் காட்டும் 24 விநாடி ஷாட் கிளாக் இல்லை. நேரம் ஓடுவதைப் பார்க்காமலே பழகிய அணி, போட்டியில் பதினாறாவது விநாடியில் பதறி யாரோ ஒருவர் தூக்கி எறிகிறார். பயிற்சி ஆட்டத்தில் ஒருவர் கோட்டோரம் நின்று 10, 5, 4, 3 என்று கத்தட்டும். ஆஃபென்ஸிவ் ரீபவுண்ட் எடுத்தால் 14-லிருந்து எண்ண வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்துக்கென்று இரண்டே இரண்டு பிளே போதும்: ஒன்று மேன் டு மேனுக்கு, ஒன்று ஜோனுக்கு. பத்துப் பிளே தெரிந்த அணியைவிட, இரண்டைத் தூக்கத்திலும் ஓடக்கூடிய அணி களைத்த நேரத்தில் பிழைக்கும்.

எங்களுக்கு மாலை 4.30-லிருந்து 6 வரைதான் மைதானம். சிமென்ட் கோர்ட், ஆறு பந்து. எப்படிப் பிரிப்பது?
— அணித் தலைவர், திருச்சி

ஆறு பந்து 12 பேருக்குத் தாராளம், இருவருக்கு ஒன்று. உடம்பைச் சூடாக்க 12 நிமிடம், அதுவும் பந்தோடு. இரு கையாலும் லே-அப், ஓடிக்கொண்டே பாஸ் என்று 15. பிரஸ் உடைக்கும் பயிற்சி 15. ஷெல் டிரில் 15. மறித்து நிற்கும் ரீபவுண்ட் பயிற்சி 8. பிறகு 20 நிமிடம் ஆட்டம், ஆனால் நிபந்தனையோடு: டர்ன்ஓவர் செய்த அணிக்கு ஒரு பாயிண்ட் கழியும், ஆஃபென்ஸிவ் ரீபவுண்ட் எடுத்தால் ஒரு பாயிண்ட் சேரும். கடைசி 5 நிமிடம் களைத்த உடம்போடு ஃப்ரீ த்ரோ. மொத்தம் 90. முழுப் பயிற்சியையும் ஐந்துக்கு ஐந்து ஆட்டமாகவே ஓட்டிவிடும் அணிகள் நிறைய. அதில் வல்லவர் கையிலேயே பந்து இருக்கும், புதியவர் ஓடிக் களைப்பார், அவ்வளவுதான்.

சிமென்டில் ரப்பர் பந்தே நல்லது, தோல் பந்து சீக்கிரம் வழுவழுப்பாகும். ஆண்களுக்கு 7-ஆம் அளவு, பெண்களுக்கு 6. பெண்கள் அணி 7-ல் பயிற்சி செய்து 6-ல் போட்டி ஆடினால் ஷாட் நீளமாகப் போகும். போட்டி மரத் தரையில் என்றால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் அங்கே டிரிபிளும் நிறுத்தமும் பழகுங்கள், ஷூ பிடிக்கும் விதமே வேறு. கணுக்கால் பிசகினால் அன்று ஆட்டம் முடிந்தது. துணி சுற்றி 15, 20 நிமிடம் ஐஸ், இறுக்கமாகக் கட்டு, கால் உயரத்தில். நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்-ரே எடுத்தே ஆக வேண்டும்.

தொடர் தோல்வியில் மூன்று முதலாண்டு மாணவர்கள் அணியை விட்டே போகிறேன் என்கிறார்கள். இப்படித் தோற்ற கல்லூரி அணி எதுவும் மீண்டிருக்கிறதா?
— உடற்கல்வி இயக்குநர், ஈரோடு

இதைவிட நீளமாகத் தோற்றவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பாசடீனா நகரிலுள்ள கால்டெக், நோபல் அறிஞர்களுக்குப் பெயர்போன கல்வி நிறுவனம். விளையாட்டுக்காக அங்கே உதவித்தொகையோ இடமோ கிடையாது. அதன் ஆண்கள் கூடைப்பந்து அணி தன் கான்ஃபரன்ஸில் (சில கல்லூரிகள் சேர்ந்து தமக்குள் ஆடும் லீகில்) 1985-லிருந்து தொடர்ச்சியாக 310 ஆட்டம் தோற்றது. 2011 பிப்ரவரி 22 அன்று ஆக்ஸிடென்டல் கல்லூரியை 46–45 என்று வென்றது. வெற்றிப் புள்ளி கடைசி விநாடிகளில் விழுந்த ஒரு ஃப்ரீ த்ரோ.

அமெரிக்காவில் நியூவர்க் நகரிலுள்ள நியூ ஜெர்சி தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் (என்.ஜே.ஐ.டி.), 2007–08 சீசனில் 29 ஆட்டம் ஆடி 29-லும் தோற்றது. தொடர் தோல்வி 51-ஐத் தொட்ட பிறகு, 2009 ஜனவரியில் பிரையன்ட் அணியை 61–51 என்று வென்றது. அந்த 29 தோல்விக்குப் பிறகு 2008-ல் பொறுப்பேற்ற கோச் ஜிம் எங்கிள்ஸ் அங்கேயே தொடர்ந்தார். 2014 டிசம்பரில் அவருடைய அணி, அப்போது நாட்டின் தரவரிசையில் 17-ஆம் இடத்திலிருந்த மிச்சிகன் பல்கலைக்கழகத்தை அதன் சொந்த மைதானத்தில் 72–70 என்று தோற்கடித்தது. அவர் வந்த பிறகும் தோல்வி தொடர்ந்தது, ஆனாலும் கோச்சை மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் கல்லூரிகளில் ஒரு சீசன் தோற்றதும் முதலில் கைவைப்பது அங்கேதான்.

அந்த மூவரையும் தனித்தனியாக அழைத்துப் பேசுங்கள். முதல் ஆட்டத்தில் அவர்கள் செய்த டர்ன்ஓவர், கடைசி ஆட்டத்தில் செய்தது, இரண்டு எண்ணையும் முன்னால் வையுங்கள். ஆட்டம் முடிந்த அன்று ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம், தோற்ற சூட்டில் சொல்வது எதுவும் காதில் ஏறாது. மறுநாள் பேசுங்கள். தோற்றதற்குத் தண்டனையாக ஓடவிடாதீர்கள், ஓட்டம் அவர்களுக்குத் தேவையான பயிற்சி, அதை அவமானமாக்கிவிடுவீர்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் போர்டில் மூன்று இலக்கு எழுதுங்கள்: டர்ன்ஓவர் 18-க்குள், எதிரணி ஆஃபென்ஸிவ் ரீபவுண்ட் 10-க்குள், ஃப்ரீ த்ரோ 60 சதவீதம். இதில் இரண்டைத் தொட்டுத் தோற்ற ஆட்டமும், ஒன்றையும் தொடாமல் தோற்ற ஆட்டமும் ஒன்றல்ல. பையன்கள் இதைப் புரிந்துகொள்வார்கள்.

இன்னும் 3 ஆட்டம் இருக்கிறது. அடுத்த சுற்றுக்குப் போக வாய்ப்பே இல்லை. ஒப்புக்கு ஆடுவதா?
— மூன்றாமாண்டு மாணவி, தஞ்சாவூர்

அடுத்த வருட அணிக்கு இந்த மூன்றும் விலைமதிப்பில்லாதவை. நீங்கள் கிளம்பிய பிறகு பந்தைக் கொண்டுபோகப் போகிறவரை இப்போதே பாயிண்ட் கார்டாக ஒரு பாதி ஆடவிடுங்கள், பக்கத்தில் நீங்கள் இருக்கும்போதே தவறட்டும். மூன்றையும் மொபைலில் எடுங்கள். ஸ்டாண்டின் மேல் வரிசையில், நடுக்கோட்டுக்கு நேராக, மொபைலைப் படுக்கைவாட்டில் வைத்து, பத்துப் பேரும் தெரியும்படி. பந்தின் பின்னாலேயே கேமராவைத் திருப்பினால் ஹெல்ப் டிஃபென்ஸ் எங்கே நின்றது என்பது பதிவாகாது.

பிறகு ஒவ்வொருவருக்கும் கோடைக்கு ஒரே ஒரு வேலை எழுதிக் கொடுங்கள். இரண்டாவது வேலை வேண்டாம். வலது கையால் மட்டும் போடுபவருக்குத் தினம் 100 இடது கை லே-அப். பாஸ் தவறுபவருக்குச் சுவரில் ஒரு வட்டம் வரைந்து ஒவ்வொரு கையாலும் 100 பாஸ். போஸ்ட்டில், அதாவது பாஸ்கெட்டுக்கு அருகே அதற்கு முதுகு காட்டி ஆடுபவருக்கு பிவட் செய்து முகம் திரும்புவது. மே மாதத்தில் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு அணியாகப் போய் இரண்டு நாள் உட்காருங்கள். பந்தை விட்டுவிட்டு ஒரு கார்டை மட்டும் ஒரு குவார்ட்டர் முழுக்கப் பார்த்து, பந்து வருவதற்கு முன் அவர் எத்தனை முறை தோளைத் திருப்பிப் பார்க்கிறார் என்று எண்ணி எழுதி வாருங்கள்.